எஸ்.எஸ்.டி. வந்தப்புறமும் எதுக்குய்யா இண்டெக்ஸ்?

"புதுசா எஸ்.எஸ்.டி. மாட்டினதும் செய்ய வேண்டிய பத்து விஷயங்கள்"னு ஒரு பட்டியல் இணையத்துல ரொம்ப வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு. டீஃபிராக் பண்ணாதே, சூப்பர்ஃபெட்ச்சை நிறுத்து, ஹைபர்நேஷனைத் தூக்கு... இந்த வரிசையில நாலாவதோ அஞ்சாவதோ இது கண்டிப்பா வந்துடும்: சர்ச் இண்டெக்ஸிங்கை அணைச்சுடு. எஸ்.எஸ்.டி.யே வேகமானது, இண்டெக்ஸ் தேவையில்ல, தவிர அது எழுதி எழுதியே டிரைவோட ஆயுசைக் குறைச்சுடும். எங்க ஆபீஸ்ல பொட்டி தட்டுற மக்கள்ல பாதிப் பேர் இதைச் செஞ்சு வெச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா "எல்லாரும் சொல்றாங்களே பாஸ்"னு பதில் வருது.

இந்த மாதிரி அறிவுரையைப் பார்த்தா அதோட பிறந்த தேதி என்னன்னு தோண்டிப் பார்க்குற வியாதி எனக்கு உண்டு. போன வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. தோண்டிட்டேன்.

ஒரு வரி அறிவுரைதான், ஆனா உள்ள ரெண்டு வாதம் ஒட்டிக்கிட்டு இருக்கு. வேகமான டிரைவுக்கு இண்டெக்ஸ் வேண்டாம்கிறது ஒண்ணு. இண்டெக்ஸ் டிரைவைத் தேய்ச்சுடும்கிறது இன்னொண்ணு. முதலாவது பாதி சரி. ரெண்டாவதுக்கு 2008-ல பயப்பட நியாயம் இருந்துச்சு, இப்ப அது செல்லாத நோட்டு. எப்படின்னு பார்க்க கொஞ்சம் பின்னாடி போகணும். கொஞ்சம்னா 1956 வரைக்கும்.

அந்த வருஷம்தான் ஐ.பி.எம். கம்பெனி ராமாக்கை வெளியிட்டது. முதல் ஹார்ட் டிஸ்க் அதுலதான் வந்துச்சு. 24 அங்குல விட்டத்துல 50 தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. எந்த இடத்துல இருக்குற தகவலையும் எடுக்க சராசரியா 600 மில்லிசெகண்டு, அதாவது அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. அந்தக் காலத்துக்கு அது மாயாஜாலம். அதுக்கு முன்னாடி காந்த நாடாவை முழுசா ஓட்டணும், இல்லேன்னா துளை போட்ட அட்டைகளைப் புரட்டணும்.

அப்படியே 2005-க்கு வாங்க. ஐ.பி.எம்.மோட டிஸ்க் வியாபாரத்தை 2003-ல வாங்கின ஹிட்டாச்சி, 500 ஜி.பி. டிஸ்க் ஒண்ணை விட்டது. 50 லட்சம் எங்க, 50,000 கோடி எங்க? ஒரு லட்சம் மடங்கு! ஆனா தகவலை எடுக்குற நேரம்? நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துற தட்டு ஒரு சுத்து முடிக்க 8.3 மில்லிசெகண்டு. நமக்கு வேண்டிய இடம் தலைக்கு அடியில வர சராசரியா அதுல பாதி, 4 சொச்சம். கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக ஒரு 9. ஆக மொத்தம் 13 மில்லிசெகண்டு. 600-லேர்ந்து 13. வெறும் 46 மடங்கு.

என்னைக் கேட்டா இண்டெக்ஸோட மொத்தக் கதையும் இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் இருக்கு. குடோன் லட்சம் மடங்கு பெருசாயிடுச்சு. உள்ள போய் மூட்டையை எடுத்துட்டு வர்றது மட்டும் அதே ஒத்த ஆளு, நடை 46 மடங்கு வேகம். இதை மாத்தவும் முடியல, ஏன்னா அங்க நகர்றது நிஜமான இரும்பு. ஒரு லட்சம் கோப்பு இருக்குற டிஸ்க்ல, கோப்புக்கு ஒரு தடவை கை நகர்ந்தாலே 1,300 செகண்டு, கிட்டத்தட்ட 22 நிமிஷம் ஆகும். டீ குடிச்சுட்டு வந்தாலும் நாய்க்குட்டி ஓடி ஓடித் தேடிக்கிட்டே இருக்கும் (விண்டோஸ் எக்ஸ்.பி. பார்த்தவங்களுக்கு அந்த நாயைத் தெரியும் :-)).

இண்டெக்ஸ்கிற யோசனை கம்ப்யூட்டர்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. நம்ம ஆய்வு நூல்களோட கடைசியில வருமே சொல்லடைவு, அதேதான். எந்தச் சொல் எந்தப் பக்கத்துலன்னு ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வெச்சுட்டா, அப்புறம் புத்தகம் முழுக்கப் புரட்ட வேண்டாம். 1230-கள்லயே பாரிஸ்ல ஹியூ ஆஃப் செயின்ட் ஷேர் தலைமையில டொமினிக்கன் துறவிகள் பைபிளுக்கு இப்படி ஒண்ணு செஞ்சிருக்காங்க. ஆளு வெச்சு, கையால!

கோப்பு தேடறதுக்கு இதைக் கொண்டு வந்தவங்கள்ல நான் முதல்ல சொல்ல விரும்புறது ஜேம்ஸ் வுட்ஸ். யூனிக்ஸ்ல ஃபைண்டுனு ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு ஃபோல்டரா இறங்கி ஏறித் தேடும், ரொம்ப மெதுவா. 1983-ல யூஸ்நிக்ஸ் சங்கத்தோட 'லாகின்' இதழ்ல வுட்ஸ் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டிஸ்க்ல இருக்குற எல்லாக் கோப்புப் பேரையும் அகர வரிசையில ஒரே பட்டியலா எழுதி வெச்சுக்கோ, தேடும்போது அதை மட்டும் படி. அடுத்தடுத்த பேர்கள் பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்கும், அதனால "முந்தினதுல முதல் 14 எழுத்து அப்படியே, மீதி இது"ன்னு சுருக்கி எழுதலாம். பட்டியலைப் புதுப்பிக்கிறதை ஆளில்லாத ராத்திரி நேரத்துல வெச்சுக்கலாம். இன்னைக்கு லினக்ஸ்ல லொக்கேட்டுனு அடிக்கிறோமே, அதோட பூர்வீகம் இதுதான்.

கவனிங்க, வுட்ஸ் கோப்போட பேரை மட்டும்தான் எடுத்தார். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவர் தொடவே இல்ல. உள்ள இருக்குறதையும் படிக்கிற இண்டெக்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 1989-ல லோட்டஸ் மெஜெல்லன்னு ஒரு டாஸ் மென்பொருளா வந்துச்சு. பேரைத் தேடுறது ஒரு பிரச்சினை, உள்ளடக்கத்தைத் தேடுறது வேற ஒரு பிரச்சினை. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள ஒரே பேர்ல குடித்தனம் நடத்தினதுதான் பின்னாடி வந்த எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்னு நினைக்கிறேன்.

1990-கள் இறுதியில பி.ஓ.எஸ்.னு ஒரு இயங்குதளம் இருந்துச்சு (பாவம், சொற்ப ஆயுசு). அதோட கோப்பு முறையை எழுதினவங்கள்ல ஒருத்தர் டொமினிக் ஜியாம்பவோலோ. கோப்போட பேர், அளவு, மாறின தேதி எல்லாத்துக்கும் கோப்பு முறைக்குள்ளேயே இண்டெக்ஸ் வெச்சார். கோப்பு மாறினா அந்த நிமிஷமே இண்டெக்ஸும் மாறும், ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அவர் 2002-ல ஆப்பிளுக்குப் போனார். 2005 ஏப்ரல் 29-ல டைகர் வந்தப்ப அதுல ஸ்பாட்லைட் இருந்துச்சு. அதோட வேர் எங்கன்னு சொல்லத் தேவையில்ல.

மைக்ரோசாஃப்ட் பக்கம் கதை வேற. 2003 அக்டோபர்ல லாங்ஹார்னுக்குள்ள வின்எஃப்.எஸ். வரும், கோப்புகளை டேட்டாபேஸ் மாதிரி கேள்வி கேட்கலாம்னு மேடை போட்டுச் சொன்னாங்க. 2004 ஆகஸ்ட்ல அது லாங்ஹார்ன்ல வராதுன்னாங்க. 2006-ல வரவே வராதுன்னு ஆயிடுச்சு. அந்த இடைவெளியில, 2004 அக்டோபர் 14-ல கூகுள் டெஸ்க்டாப் வந்து உட்கார்ந்துக்கிச்சு. மின்னஞ்சல், வேர்டு கோப்புன்னு எல்லாத்துக்குள்ளயும் தேடித் தரும். 2011 செப்டம்பர்ல கூகுளே அதை மூடிட்டாங்க.

2007 ஜனவரியில விஸ்டா வந்தது. கேக்காமலே இண்டெக்ஸ் போட ஆரம்பிச்ச விண்டோஸ் அதுதான். டிஸ்க் லைட்டு நிக்காம மினுக்குற புண்ணியவான். இண்டெக்ஸருக்குக் குறைஞ்ச முன்னுரிமை, நீங்க வேலை செஞ்சா அது ஒதுங்கிக்கும்னு உள்ள ஏற்பாடெல்லாம் இருந்துச்சு. ஆனா ஒத்தக் கை டிஸ்க்ல அது எவ்வளவுதான் ஒதுங்கும்? கை ஏற்கெனவே டிஸ்க்கோட அந்தக் கோடிக்குப் போயிருக்கும், உங்க கோப்பு இந்தக் கோடியில இருக்கும். இண்டெக்ஸ்னாலே பொட்டியை மந்தமாக்குறதுன்னு பேர் வந்தது இங்கதான். எந்த நோய்க்கு மருந்தோ, அதே நோயைத்தான் பக்கவிளைவா கொடுத்துச்சு.

2008 செப்டம்பர். இன்டெல் எக்ஸ்25-எம். 80 ஜி.பி., மொத்தமா 1,000 எண்ணம் வாங்கினா ஒண்ணு 595 டாலர். தோஷிபாவுல ஃபுஜியோ மசுவோகா 1987-ல நேண்ட் ஃபிளாஷை உலகத்துக்குக் காட்டி 21 வருஷம் ஆகியிருந்துச்சு. சாதாரண ஆளுங்க கம்ப்யூட்டர்ல நம்பிப் போடலாம்கிற எஸ்.எஸ்.டி. அப்பதான் வந்துச்சுன்னு சொல்லலாம். இதுல கை கிடையாது, தட்டு கிடையாது. எங்கேர்ந்து எடுத்தாலும் 0.1 மில்லிசெகண்டுக்குள்ள. நம்ம 22 நிமிஷக் கணக்கு 10 செகண்டு ஆயிடுச்சு. 50 வருஷமா அசையாத எண்ணு ஒரே தாவுல 100 மடங்குக்கு மேல இறங்கிடுச்சு.

"இண்டெக்ஸ் எதுக்கு"ன்னு கேட்க ஆரம்பிச்சது இந்த நேரத்துலதான். நியாயமான கேள்விதான். கூடவே பயமும் வந்துச்சு. ஃபிளாஷ்ல ஒரு செல்லை இத்தனை தடவைதான் அழிச்சு எழுத முடியும். இன்டெல்லே தினம் 20 ஜி.பி. வீதம் 5 வருஷம்னுதான் உறுதி சொன்னாங்க, அதாவது 36.5 டி.பி. 595 டாலர் கொடுத்த மனுஷன் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணத்தானே செய்வான்? பத்து விஷயப் பட்டியல் பிறந்தது இந்தப் பயத்துல.

2009 மே மாசம் விண்டோஸ் 7 குழு எஸ்.எஸ்.டி. பத்தி விளக்கமா ஒரு கேள்வி-பதில் எழுதினாங்க. எஸ்.எஸ்.டி.ன்னா டீஃபிராக் நிறுத்தப்படும். சூப்பர்ஃபெட்ச் பெரும்பாலும் நிறுத்தப்படும். சரி, சர்ச் இண்டெக்ஸர்? அது எஸ்.எஸ்.டி.யில வேற மாதிரி நடந்துக்குமான்னு கேட்டதுக்கு, இல்லைன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டாங்க. டீஃபிராக்கும் சூப்பர்ஃபெட்ச்சும் சுத்துற தட்டுக்காகப் பிறந்தவை, தட்டோட போயிடலாம். இண்டெக்ஸர் அந்த வகை இல்லைன்னு உள்ளே இருந்தவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. பட்டியல் போட்டவங்க மூணையும் ஒரே மூட்டையில கட்டிட்டாங்க.

தேய்மானக் கணக்கைச் சீக்கிரம் முடிச்சுடறேன். 2013 ஆகஸ்ட்ல டெக் ரிப்போர்ட் தளத்துல ஆறு எஸ்.எஸ்.டி.யை (எல்லாம் 240-லேர்ந்து 256 ஜி.பி. வரை) செத்துப் போற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. 2015 மார்ச்ல கடைசி டிரைவும் போச்சு. ஆறுல ஒண்ணு கூட 700 டி.பி.க்கு முன்னாடி சாகல. இப்ப சாம்சங் 870 ஈவோவுல சின்னதான 250 ஜி.பி.க்கே 150 டி.பி. உறுதி. உங்க இண்டெக்ஸ் 5 ஜி.பி.ன்னு வெச்சுக்குங்க. வாராவாரம் அதை அழிச்சு முழுசா திரும்ப எழுதினாலும் (யாரும் அப்படிச் செய்யறதில்ல) வருஷத்துக்கு 260 ஜி.பி. அந்த 150 டி.பி. தீர 570 வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம பேரனோட பேரனுக்கும் மிச்சம் இருக்கும்.

இதுல ஒரு கூத்து வேற. அந்தப் பட்டியல் சொல்ற மாதிரி டிரைவோட பண்புகளுக்குப் போய், உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் பண்ண அனுமதிக்கிற டிக்கை எடுத்தீங்கன்னா, விண்டோஸ் அந்த டிரைவ்ல இருக்குற ஒவ்வொரு கோப்பா போய் "இதை இண்டெக்ஸ் பண்ணாதே"ன்னு ஒரு குறி எழுதும். எழுத்தை மிச்சம் பிடிக்க லட்சம் தடவை எழுதறது :-)

இப்ப மிச்சம் இருக்குற முதல் வாதத்துக்கு வருவோம். பேரைத் தேடணும்னா அது சரிதான். இதை நிரூபிச்சது எஸ்.எஸ்.டி. இல்ல, வாய்ட்டூல்ஸோட எவ்ரிதிங். அது ஃபோல்டர் ஃபோல்டரா அலையறது இல்ல. என்.டி.எஃப்.எஸ்.ஸோட தலைமைப் பட்டியலை நேரடியா, ஒரே ஓட்டமா படிச்சுடும். ஒரு கோப்புக்கு அதுல 1 கே.பி., லட்சம் கோப்புக்கு 100 எம்.பி. அவ்வளவுதான். புதுசா போட்ட விண்டோஸ் 10-ல இருக்குற 1.2 லட்சம் கோப்புப் பேரையும் சுமார் ஒரு செகண்டுல எடுத்துடும்னு அவங்களே சொல்றாங்க. கட்டி முடிச்சா அதுவும் ஒரு இண்டெக்ஸ்தான், ஆனா நொடியில கட்டினது, யாரும் முனகல.

நிரல் எழுதற நம்ம சாதிக்கும் இண்டெக்ஸ் அவ்வளவா வேண்டாம். 2016-ல ஆண்ட்ரூ கேலன்ட் ரிப்கிரெப்பை விட்டதுலேர்ந்து நானும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இண்டெக்ஸே கிடையாது. லினக்ஸ் கெர்னலோட 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை எஸ்.எஸ்.டி.யில அது துழாவிட்டு வர்ற வேகத்துல "இண்டெக்ஸா, அது எதுக்கு"ன்னு தோணத்தான் செய்யும். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற பில்ட் ஃபோல்டர்களை இண்டெக்ஸர் துரத்திக்கிட்டு ஓடுறதும் வீண். அதையெல்லாம் விலக்கிடுங்க, தப்பே இல்ல.

ஆனா நிரல்ங்கிறது வெறும் எழுத்து, திறந்தா படிக்கலாம். ஊர்ல இருக்குறவங்க கோப்பு அப்படியா? டாக்எக்ஸ்ங்கிறது ஜிப் மூட்டைக்குள்ள எக்ஸ்.எம்.எல். பி.டி.எஃப்.க்குள்ள எழுத்து சுருக்கிக் கிடக்கும். அதைப் பிரிச்சு, எது எழுத்து எது அலங்காரம்னு பார்த்து, சொல் சொல்லா உடைக்கணும். இந்த வேலை டிரைவோடது இல்ல, பிராசஸரோடது. எஸ்.எஸ்.டி. எவ்வளவு வேகமா கோப்பைக் கொண்டு வந்து கொட்டினாலும் பிரிக்கிறவன் பிரிச்சுத்தான் ஆகணும். பத்தாயிரம் கோப்பை ஒவ்வொரு தேடலுக்கும் பிரிக்கிறதா, ஒரே ஒரு தடவை பிரிச்சு எழுதி வெச்சுக்கிறதா? ஹியூவோட துறவிகளைக் கேட்டாலே சொல்லிடுவாங்க. அட, பேரை மட்டுமே தேடற லொக்கேட்டுக்குக் கூட 2020-ல பிலொக்கேட்டுனு ஒரு புது அவதாரம் வந்திருக்கு. எஸ்.எஸ்.டி. காலத்துல உட்கார்ந்து, மூணு மூணு எழுத்தா வெட்டி, முன்னைவிட நல்ல இண்டெக்ஸா எழுதியிருக்காங்க.

இதுல எனக்கு ஒரு சொந்த வழக்கும் உண்டு. எங்கப்பா 2001-லேர்ந்து விருத்தாசலத்துல டி.டி.பி. கடை வெச்சிருக்கார். மேட்டரை வேர்டுல அடிப்பார், பத்தாயிரத்துக்கும் மேல கோப்பு சேர்ந்திருக்கு. பேரெல்லாம் "நியூ 1", "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்". கடைப் பொட்டிக்கு எஸ்.எஸ்.டி. மாட்ட வந்த சர்வீஸ்காரர் அதே பட்டியலைப் பார்த்து, "இண்டெக்ஸ் வேணாம்ணே, டிரைவ் போயிடும்"னு அணைச்சுட்டுப் போயிட்டார். 2021-ல ஒரு கோயில் கமிட்டிக்காரங்க வந்தாங்க. 2009-ல நம்ம கடையில அடிச்ச கும்பாபிஷேகப் பத்திரிகையில உபயதாரர் வரிசை எப்படி இருந்துச்சு, அது வேணும், பன்னெண்டு வருஷம் ஆச்சு, மறுபடி கும்பாபிஷேகம் வருது, யார் பேருக்கு அப்புறம் யார் பேருன்னு ஊருக்குள்ள தகராறுன்னாங்க. பேரை வெச்சுத் தேட வழியில்ல. கோப்புக்குள்ளதான் தேடணும்.

இண்டெக்ஸைத் திரும்பப் போட்டேன். அப்பவும் ஒண்ணும் வரல, வராதுன்னு தெரியும். ஏன்னா எல்லாமே பாமினி எழுத்துருவுல அடிச்சது. அதுல "அம்மா"ன்னு திரையில தெரியறது, கோப்புக்குள்ள எம், கே, செமிகோலன், கே, எச். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தமிழே இல்ல. போதாக்குறைக்கு இண்டெக்ஸர் செமிகோலனைப் பார்த்ததும் சொல் முடிஞ்சதுன்னு வெட்டிடும். நம்ம புள்ளி வர்ற இடமெல்லாம் வெட்டு! இதுக்கு எந்த எஸ்.எஸ்.டி.யாலும் மருந்து கிடையாது.

ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்தேன். பழைய டாக் கோப்பையெல்லாம் லிப்ரே ஆபீஸ் வெச்சு டாக்எக்ஸா மாத்தி, ஒரு பைத்தான் நிரல்ல ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துரு என்னன்னு பார்த்து, பாமினியா இருந்தா மட்டும் யூனிகோடாக்கி, அதே பேர்ல பக்கத்துல ஒரு சாதா டெக்ஸ்ட் கோப்பு. (எழுத்துரு பார்க்காம மொத்தமா மாத்தினா நடுவுல இருக்குற ஆங்கில முகவரி எல்லாம் புதுத் தமிழா மாறிடும், செய்யறவங்க ஜாக்கிரதை.) ராத்திரி இண்டெக்ஸ் ஓடட்டும்னு விட்டுட்டேன். காலையில அப்பா ஊர் பேரையும் "உபயம்"ங்கிறதையும் சேர்த்து அடிச்சார். அஞ்சு கோப்பு வந்துச்சு. மூணாவது அதுதான், பேரு "நியூ 37".

இப்ப கடை வாசல்ல "பழைய மேட்டர் தேடித் தரப்படும் – ரூ. 20"ன்னு ஒரு அட்டை தொங்குது. எனக்குக் கமிஷன் கிடையாதாம்.